தீட்டு வேறு, தொற்று வேறு

ஏரிக்கரைக் கிராமங்களில் போதையைப் பற்றிப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சாராயம் இருக்கு, கஞ்சா இருக்கு, மறைக்கல. ஊசியெல்லாம் டவுன்லதான்க்கா." பழவேற்காட்டின் குப்பத்தில் கேட்டாலும் காலனியில் கேட்டாலும் இதுதான். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, தாங்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆனால் ஊசிப் போதையோடு எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை வைரஸ்களும் பரவிய ஊர்களின் வரலாற்றைப் படித்தால் ஒன்று தெரியும். "அது நம்ம ஊர்ல இல்ல" என்ற நம்பிக்கை அந்த ஊர்களிலும் இருந்தது. நோய் வந்து சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் அது அப்படியே இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியது. நம் இயக்கத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இதன் மையத்தில் இருப்பது நமக்கு மிகவும் பழகிய ஒரு குழப்பம். தீட்டையும் தொற்றையும் ஒன்றாக நினைக்கும் குழப்பம்.

தீட்டு ஆளைப் பார்க்கிறது. நீ யார், எந்தத் தெரு, எந்தப் பிறப்பு என்று கேட்கிறது. தொற்று ஆளைப் பார்ப்பதில்லை. ரத்தம் எப்படி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போனது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. 1927 மார்ச்சில் மகத்தில் அம்பேத்கர் தலைமையில் தலித்துகள் சவதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் கலந்த பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாகக் குளத்தில் ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கும் தண்ணீரில் சாணத்தைக் கரைப்பது சுகாதாரம் ஆகாது என்று எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தீட்டுக்குச் சுகாதாரத்தோடு சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். போதை ஊசி போடுபவர்கள் விஷயத்திலும் அரசும் ஊரும் திரும்பத் திரும்பச் செய்தது இதே காரியம்தான்.

விற்றவரும் தண்டித்தவரும்

1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். பாடப்புத்தகத்தில் துணி வணிகம் என்று ஒரு வரி இருக்கும். பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றியது அந்த வரியில் வராது. அதே கம்பெனி வங்காளத்து அபினியை ஜாவாவில் விற்றுச் சம்பாதித்தது. 1745இல் அந்த வியாபாரத்துக்கென்றே பத்தாவியாவில் தனியாக ஓர் அபினிச் சங்கம் அமைந்தது. பின்னால் வந்த ஆங்கில அரசு கள், சாராயம், அபினி, கஞ்சா எல்லாவற்றையும் ஏலம் விட்டும் உரிமம் கொடுத்தும் வருமானம் பார்த்தது. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தது, 1971இல் தளர்ந்தது. 2003இலிருந்து சில்லறை விற்பனையையே அரசு கையில் எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையை வேகமாகச் சொல்லக் காரணம் ஒன்றுதான். போதை என்பது விளிம்பு மக்களின் ஒழுக்கக் கேடு என்று பேசுகிறவர்கள், அதை விற்றவர்களின் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை. விற்கும்போது அது வருவாய். குடித்துச் செத்தால் மட்டும் அது சேரியின் குணம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் செத்தபோதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் இதே பேச்சைக் கேட்டோம்.

ஏரிக்கு வருவோம். பழவேற்காடு ஏரியில் இறால் வளமுள்ள இடங்களில் வலை கட்டும் உரிமை 'பாடு' முறையில் பிரிக்கப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கு முறை வைத்துக் கொடுப்பார்கள். வளத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் அருமையான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தக் கணக்கில் தலைக்கட்டு கிடையாது. அவர்கள் கரையோரச் சேற்றில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கணக்கில் வராதவர்களுக்குப் பங்கு இல்லை. இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய்த் தடுப்பிலும் இதே பாடம் திரும்ப வரும்.

1985இல் சட்டம், 1986இல் நோய்

போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 27ஆம் பிரிவுப்படி பயன்படுத்துவதே குற்றம். சிகிச்சைக்குத் தானாக முன்வருபவரை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ என்ற பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. நம் காலனிப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போகும்போது இந்த இரண்டில் எது நினைவுக்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஆண்டு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடித்து அரசு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. 1986 மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அறிவியலாக இது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பெண்களின் பக்கம் நின்று பாருங்கள். அடைத்து வைக்கப்பட்டிருந்ததால்தான் அவர்களிடம் ரத்தம் எடுக்க முடிந்தது. தொற்று இருப்பது தெரிந்ததும், அதையே காரணமாக வைத்துத் தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1990இல் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. 1989இல் கோவாவில் ரத்தம் கொடுக்கப் போன இளைஞர் டொமினிக் டிசோசாவுக்குத் தொற்று தெரிந்ததும், மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அவரைப் பிடித்துத் தனியே அடைத்தார்கள். அப்படித் தனிமைப்படுத்துவது செல்லும் என்றுதான் பம்பாய் உயர்நீதிமன்றமும் சொன்னது.

இதன் விளைவு எளிமையானது. சோதனைக்குப் போனால் அடைப்பார்கள் என்று தெரிந்தால் யாரும் சோதனைக்குப் போகமாட்டார்கள். அடைக்கப்பட்டவர் சிலர்தான். பயந்து ஒளிந்தவர் பலர். நோய் ஒளிந்தவர்களோடு போனது.

மணிப்பூர்: ஆறு மாதத்தில் பாதிப் பேர்

ஊசிவழித் தொற்றின் வேகத்தை இந்தியா முதலில் பார்த்தது மணிப்பூரில். பர்மா எல்லையைத் தாண்டி வந்த ஹெராயினை அங்கே 'நம்பர் 4' என்பார்கள். அந்த எல்லையில் இருக்கும் மோரே என்ற சிற்றூரில் 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களும் வாழ்கிறார்கள். தமிழ்ச் சங்கமும் கோயிலும் அங்கே உண்டு. ஆகவே அது நமக்கு அத்தனை தொலைவான ஊரும் அல்ல.

1989 செப்டம்பர் வரை மணிப்பூரில் ஊசி போடுவோரிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இல்லை. அடுத்த ஆறு மாதத்துக்குள் சோதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. சமூகத்தின் முதல் எதிர்வினை என்ன? போலீஸ் பிடித்தது. ஆயுதக் குழுக்கள் 'சமூகத்தைச் சுத்தப்படுத்துகிறோம்' என்று காலில் சுட்டன. குடும்பங்களே பிள்ளைகளைச் சிறையில் விடச் சொன்னதும் உண்டு. ஊசி வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் யாரும் சொந்தமாகச் சிரிஞ்ச் வைத்துக்கொள்ளவில்லை. இருக்கும் ஒன்றைப் பத்துப் பேர் பயன்படுத்தினார்கள். பிறகு நோய் வீட்டுக்குள் வந்தது. தொற்றுள்ள ஆண்களின் மனைவியரைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 45 பெண்களுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்கள் ஊசியைத் தொடாதவர்கள்.

பாதை மாறியது எப்படி? 1991இல் இம்பாலில், முன்பு போதை பயன்படுத்தியவர்களே சேர்ந்து 'சாசோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் சுராசந்த்பூரில் 'ஷாலோம்' அமைப்பு பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் வேலையைச் செய்தது. மலைக் கிராமங்கள் சூழ்ந்த மாவட்டம் அது, தேவாலயத்தின் பிடி அதிகம். "ஊசி கொடுத்துப் பாவத்தை வளர்க்கிறீர்கள்" என்ற குரல் எழாமல் இருக்குமா? அதையும் மீறி 1996இல் மணிப்பூர் அரசு, தீங்கைக் குறைப்பதே வழி என்று ஏற்று ஒரு மாநில எய்ட்ஸ் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்த மாநிலமும் அப்படி எழுதி வைத்ததில்லை.

'தீங்கைக் குறைத்தல்' என்பது பெரிய தத்துவம் அல்ல. ஒருவர் இன்று போதையை விட முடியாத நிலையில் இருக்கலாம். விடும் வரை அவர் உயிரோடு இருக்கட்டும், நோய் தொற்றாமல் இருக்கட்டும், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாமல் இருக்கட்டும். அவ்வளவுதான். இந்த யோசனையும் மருத்துவர்களிடமிருந்து மட்டும் பிறக்கவில்லை. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய மருந்துக் கடை போதை பயன்படுத்துவோருக்குச் சிரிஞ்ச் விற்பதை நிறுத்தியது. ஹெபடைடிஸ் பி பரவும் என்று பயந்து, பயன்படுத்துவோரின் சங்கமே ஊசி மாற்றிக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய நாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டென்றால் அது இந்தச் சங்கத்தின் வரலாறுதான்.

சென்னையில் தேடிப் போனவர்கள்

சென்னையில் 1980களில் பிரவுன் சுகரைப் புகைத்தார்கள். 1990களில் புப்ரெனார்பின் என்ற வலி மருந்தை ஊசியில் ஏற்றுவது பரவியது. தெருவில் இருந்தவர்கள், ரிக்‌ஷா ஓட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், துறைமுகத்தை அண்டிப் பிழைத்தவர்கள் எனக் கூலி வாழ்க்கையில் இருந்தவர்கள் பலர். மருத்துவமனைக்கு அவர்கள் வரவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி. என்றாலே மற்ற மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய காலம் அது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் 'சகாய்' டிரஸ்ட்டின் களப்பணியாளர்கள் அவர்களைத் தேடித் தெருவுக்குப் போனார்கள். மனநல மருத்துவர் எம். சுரேஷ்குமாரும் உடன் பணியாற்றியவர்களும் அந்த அனுபவத்தை 1998இல் ஆய்வாக வெளியிட்டார்கள். செய்தது சாதாரண வேலைதான். அதே இடத்துக்குத் தினமும் போவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஊசி பகிர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்வது, ஆணுறை கொடுப்பது, சோதனைக்கும் சிகிச்சைக்கும் கூடவே போவது.

ஆனாலும் தேவையின் அளவுக்கு வேலை வளரவில்லை. 2008இல் வெளியான ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வில், சென்னையில் ஊசி போடுவோரில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கு எச்.ஐ.வி.யும் 60 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி தொற்றிய தடயமும் இருந்தன. இந்தியாவின் முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தமிழ்நாட்டில்தான் வந்தது. பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் மத்தியில் தமிழ்நாடு செய்த வேலை உலகம் பேசியது. அதே மாநிலத்தின் தலைநகரில் இப்படி ஒரு கணக்கு. எண்ணப்பட்ட இடத்தில் வேலை நடந்தது. எண்ணப்படாத இடத்தில் நோய் நடந்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஊசியில் ஏற்றிய அதே புப்ரெனார்பின், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகச் சிகிச்சை மருந்தும் ஆனது. டெல்லியில் 'ஷரண்' அமைப்பு 1993இலேயே இதைத் தொடங்கியது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 'ஓ.எஸ்.டி.' என்ற பெயரில் இதை ஏற்றுக்கொண்டது. தினமும் மருத்துவப் பணியாளர் முன்னால் மாத்திரை எடுப்பவருக்கு ஊசி தேவைப்படுவதில்லை. அவர் வேலைக்குப் போக முடியும். மருந்து அதேதான், கொடுக்கும் முறையும் கொடுக்கும் கையும் மாறியதால் ஆளின் கதி மாறியது.

தொற்று எப்படிப் போகிறது

களத்துக்குப் போகும் தோழர்களுக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு சிரிஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் தங்கும். அடுத்தவர் அதே சிரிஞ்சைப் பயன்படுத்தினால் அந்த ரத்தம் நேராக அவருடைய ரத்தத்தில் கலக்கிறது. தண்ணீரில் அலசினால் போதாது. ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஊசி தனியாக வைத்திருந்தும், மாத்திரை கரைத்த மூடியையும் தண்ணீரையும் வடிகட்டிய பஞ்சையும் பகிர்ந்துகொண்டால் அதன் வழியாகவும் போகும். அசுத்தமாகப் போட்டால் சீழ்க்கட்டி வரும், கிருமி ரத்தத்தில் ஏறி இதய வால்வு வரைக்கும் பாதிக்கும்.

இதில் எங்கேயாவது சாதி இருக்கிறதா? தெரு இருக்கிறதா? தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே படகில் போனால் வராது. ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அது இலவசம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் ஒன்று. ஆக, மருந்து இருக்கிறது. ஆளுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்பது தீட்டுதான்.

நாலாயிரம் பேர் வாழும் ஊர்

"சின்ன ஊருக்கு இதெல்லாம் வராது" என்பவர்களுக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். சுமார் 4,200 பேர் வாழும் ஊர். ஏழ்மை, வேலையின்மை, அருகில் மருத்துவ வசதி குறைவு. அந்த ஊர் இருக்கும் ஸ்காட் கவுன்டியில் 2004 முதல் 2013 வரை பத்தாண்டுகளில் பதிவான எச்.ஐ.வி. தொற்று வெறும் 5. 2014 நவம்பரிலிருந்து ஒரே ஆண்டில் 181 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. பிறகு 200ஐயும் தாண்டியது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

அவர்கள் ஊசியில் ஏற்றியது ஹெராயின் அல்ல, ஆக்ஸிமார்போன் என்ற வலி மாத்திரை. அதைப் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றினார்கள். வீட்டில் அண்ணன் தம்பி, அம்மா மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே சிரிஞ்ச் சுற்றியது. நகரத்தில் தெரியாதவர்களோடு பகிர்வதைவிடச் சொந்தபந்தம் நிறைந்த சின்ன ஊரில் பகிர்வது வேகமானது, ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. அந்த மாநிலத்தில் அப்போது ஊசி மாற்றிக்கொடுப்பது சட்டவிரோதம். 2015 மார்ச் இறுதியில் ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்து அதற்கு அனுமதி கொடுத்தார். ஊசி, சோதனை, சிகிச்சை மூன்றும் ஊருக்குள் வந்த பிறகு தொற்று அடங்கியது. அடங்கியதும் என்ன நடந்தது? 2021இல் உள்ளூர் நிர்வாகம் ஊசித் திட்டத்தை நிறுத்த வாக்களித்தது. நோய் குறைந்ததும் தீட்டு திரும்பி வந்தது.

இப்போது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களை எடுத்துப் பாருங்கள். சில ஆண்டுகளாக வருகிற செய்தி இது: டேப்பென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையை வெளிமாநிலங்களிலிருந்து வாங்கி விற்கிறார்கள், இளைஞர்கள் அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், போட்டவர் செத்தார், விற்றவர் கைது. சென்னையில் மட்டுமல்ல, பல மாவட்டங்களிலும். வலி மாத்திரை, சிரிஞ்ச், நண்பர்கள், சின்ன ஊர். ஆஸ்டினில் இருந்தவை இவைதான். பழவேற்காட்டில் இன்று இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கரை இது. நாளெல்லாம் சேற்றிலும் வலையிலும் உடம்பை முறிக்கும் வேலை, வலி அந்த வேலையின் கூலிபோலக் கூடவே வருகிறது. ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோவதும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் தொழிலைச் சுருக்குகின்றன, இளைஞர்கள் வேலை தேடி எண்ணூருக்கும் சென்னைக்கும் போய் வருகிறார்கள். வருவதற்கு வழி இருக்கிறது. வந்தபின் எண்ணிப் பார்ப்பதா, வருமுன் தயாராவதா என்பதுதான் கேள்வி.

அரசு எதை எண்ணுகிறது? 2022இன் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை 2.0' எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது என்று எண்ணியது. விற்பவர்களைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிடிக்கும் கணக்கில் ஊசி பகிர்வோரின் ரத்தம் வராது. வேட்டை என்று வந்துவிட்டால் முதலில் மாட்டுவது யார் என்றும் நமக்குத் தெரியும். நாடு முழுவதும் சிறைக் கைதிகளில் தலித்துகளின் பங்கு, மக்கள்தொகையில் நம் பங்கைவிட அதிகம். வசதியான வீட்டுப் பையனுக்கு அதே பழக்கத்துக்குத் தனியார் மறுவாழ்வு மையம் கிடைக்கிறது, காலனிப் பையனுக்கு வழக்கு கிடைக்கிறது. சிறைக்குள் ஊசி போனால் அங்கே பகிர்வு இன்னும் மோசம்.

ஏரிக்கரைக்கு என்ன கேட்பது

2019இல் வெளியான மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி மூலம் போதை எடுக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பில் அவர்களில் நூற்றுக்கு 9 பேர் அளவில் எச்.ஐ.வி. இருந்தது. பொதுவான வயதுவந்தோரில் அது 500க்கு ஒருவர் என்ற அளவில்தான். இவர்களுக்கான திட்டங்கள் பெரும்பாலும் ஆட்கள் அதிகம் கூடும் இடங்களைக் கணக்கிட்டு அமைக்கப்படுபவை. ஒரு குப்பத்தில் மூன்று பேர், பக்கத்துக் காலனியில் இரண்டு பேர் என்று சிதறி இருந்தால் அந்தக் கணக்கில் வராமல் போகிறார்கள். பாடு முறையில் பார்த்த அதே கதை. தலைக்கட்டு இல்லாதவருக்குப் பங்கு இல்லை.

நம்மிடம் இருக்கும் வலுவான கருவி 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்று அபாயத்தைக் குறைக்கும் எந்த நடவடிக்கையையும், சுத்தமான ஊசி கொடுப்பது உட்பட, குற்றமாகக் கருதக் கூடாது என்று அதன் 22ஆம் பிரிவு சொல்கிறது. தொற்றின் பேரில் சிகிச்சை மறுப்பதும் வேலையிலிருந்து நீக்குவதும் இந்தச் சட்டப்படி தவறு. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும். 1986இல் காப்பகத்தில் அடைக்கப்பட்ட அந்தப் பெண்களுக்கு இல்லாதிருந்த சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படிப்பதுபோல் இதையும் படியுங்கள்.

கேட்க வேண்டியவை நான்கைந்துதான். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொன்னேரி அரசு மருத்துவமனையிலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் சோதனை எந்த நாளில், யாரிடம் என்று தெளிவாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஊசிப் பழக்கம் உள்ள வயதுவந்தோருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கேளுங்கள். தேசியத் திட்டத்தில் கிராமங்களுக்கென்றே 'லிங்க் வொர்க்கர்' ஏற்பாடு 2007க்குப் பிறகு கொண்டுவரப்பட்டது. நம் மாவட்டத்தில் அது எந்த ஊர்களைத் தொடுகிறது, எந்தக் காலனிகளை விட்டுவிடுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஓ.எஸ்.டி. மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தினமும் மாத்திரை எடுக்க ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறவேண்டும் என்றால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் சிகிச்சை.

அரசிடம் கேட்பதோடு முடியாது. நம் கூட்டங்களிலேயே 'கஞ்சா குடிக்கி', 'ஊசிக் கேஸ்' என்ற சொற்கள் புழங்குகின்றன. சாதிப் பெயரை வசையாக்கியவர்களோடு போராடி வந்த நாம் அந்தச் சொற்களை எப்படிச் சொல்கிறோம்? ஊசிப் பழக்கம் உள்ள பையனை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அவன் ஏரியின் மறுகரைக்குப் போய்ப் போடுவான், அவ்வளவுதான் நடக்கும். மணிப்பூரிலும் சென்னையிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நோயைத் தடுக்க வழி திறந்தவர்கள், அந்த வாழ்க்கை தெரிந்தவர்கள் அல்லது அந்த வாழ்க்கை வாழ்கிறவர்களின் பக்கத்தில் போய் உட்காரத் தயங்காதவர்கள். நம் ஏரிக்கரையிலும் பழக்கத்தை விட்டவர்கள் இருப்பார்கள், விட முயல்கிறவர்கள் இருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடுங்கள். அவர்களைத் திட்டத்தின் பயனாளி என்று எழுதாமல் திட்டத்தை நடத்துபவராக எழுதுங்கள்.

ஒருவரைத் தொடாமல் ஒதுக்குவது நோய்த் தடுப்பு என்று இந்த நாடு பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. அதன் பொய் மற்ற எல்லோரையும்விட நமக்குத்தான் அதிகம் தெரியும். அந்த அறிவை நம் தெருவில் நடுங்கும் கையோடு ஒளிந்து நிற்கும் பையனுக்காகவும் பயன்படுத்துவோம்.